நிலைக்காலில் நாலாவது கோடு

என் கணவர் குடும்பத்துக்குப் பெருமை அடித்துக்கொள்ள ஒரே ஒரு சொத்துதான் இருந்தது. லயத்து வீட்டின் கதவு நிலை. அதுவும் தோட்டத்துக்குச் சொந்தம்.

குருவிட்டவுக்கு மேலே, கீழ்மலை இறப்பரும் மேல்மலை தேயிலையுமாக இருந்த தோட்டம் அது. வரிசையாக ஒட்டிக் கட்டிய கூலி வீடுகளில், கீழ் லயத்தின் கடைசி வீடு எங்களுடையது. முன்னால் திண்ணை மாதிரி ஒரு இஸ்தோப்பு, அதைத் தாண்டினால் படுக்க ஒரே ஒரு காம்பரா, பின்னால் அடுப்புப் புகை அப்பிய குசினி. இஸ்தோப்பிலிருந்து காம்பராவுக்குள் நுழையும் வாசலில்தான் அந்த நிலை நின்றது. மாமனார் இறப்பர் பால் வெட்டியவர். நான் கல்யாணமாகி வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். தீபாவளிக் காலையில் பிள்ளைகளுக்கு எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டி, புதுச் சட்டை போடும் முன்னால் நிலைக்காலோடு முதுகை ஒட்டி நிற்கவைத்து, தலை மட்டத்தில் பால் வெட்டும் கத்தியால் ஒரு கோடு கீறுவாராம். இடது பக்கம் மகளுக்கு, வலது பக்கம் மகனுக்கு. பிள்ளைகள் நடக்கத் தொடங்கிய வருடத்திலிருந்து வருடத்துக்கு ஒரு கோடு. மற்ற வீடுகளில் சாமி படத்தைக் காட்டுவார்கள். இந்த வீட்டில் வந்தவர்களுக்கெல்லாம் நிலைக்காலைக் காட்டினார்கள்.

இடது பக்கக் கோடுகளுக்குச் சொந்தக்காரி என் நாத்தனார், கணவருக்கு மூத்தவள். அந்தத் தோட்டத்திலேயே உயரமான பெண் என்று பெயர் எடுத்தவள். வேறு எதற்கும் பெயர் எடுத்ததாக நான் கேள்விப்படவில்லை. வரக்காப்பொலயில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த ஒருவரைக் கட்டிக்கொண்டு போனபின் டவுன்காரி ஆகிவிட்டாள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருவாள். வந்ததும் கைப்பையைக் கீழே வைக்காமல், நிலைக்காலில் தன் கோடுகளை ஒருமுறை விரலால் தடவிப் பார்ப்பாள். கோயில் தூணைக் கூட அவள் அப்படித் தொட்டதில்லை.

நான் குள்ளம். கேகாலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து, பத்தாம் வகுப்பு வரை படித்துவிட்டு, இங்கே வந்து கொழுந்து பறித்தவள். தேயிலைச் செடியை இடுப்பளவுக்கு மேலே வளர விடுவதில்லை. அதைப் பறிக்கிறவளுக்கு உயரம் எதற்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் நாத்தனாருக்கு என்னிடம் இரண்டு குறைகள் இருந்தன: உயரம் காணாது, படிப்பு கூடிவிட்டது.

மகள் பிறந்து எழுந்து நின்ற முதல் தீபாவளியிலேயே என் கணவர் அப்பாவின் கத்தியைக் கையில் எடுத்தார். இடது பக்கம், அத்தையின் கோடுகளுக்கு அருகிலேயே இவளுக்கும் கோடு. முதல் கோடு அத்தையின் முதல் கோட்டுக்குக் கீழே விழுந்தது. சின்னப் பிள்ளைதானே என்று விட்டோம். அடுத்த கோடும் கீழே. மூன்றாவதும் கீழே. நாலாவது தீபாவளிக்கு முன்னால் அடைமழை. கூரைத் தண்ணீர் இஸ்தோப்பைத் தாண்டி உள்ளே வந்து தரை சேறாகிவிட்டது. எப்போதும் போல தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் அந்த மேல்மண்ணை மண்வெட்டியால் சுரண்டி வெளியே தள்ளிவிட்டு, சாணி கரைத்து மெழுகிவிட்டேன். தீபாவளியன்று மகளை நிறுத்திக் கோடு கீறினால், போன வருடக் கோட்டுக்கும் இந்த வருடக் கோட்டுக்கும் நடுவில் ஒரு விரல் கூட நுழையவில்லை. அத்தையின் நாலாவது கோடு அதற்கு நாலு விரல் மேலே நின்றது.

நாத்தனார் குனிந்து பார்த்தாள். அவள் குனிந்த விதமே எனக்குப் பிடிக்கவில்லை.

"இந்தா பாரு தம்பி. நாலாவது தீவாளிக்கு நான் இங்கன இருந்தேன். ஒம் மக எங்கன நிக்குறா பாரு."

"அவ அம்மா குள்ளம்தானே அக்கா," என்றார் என் கணவர். எனக்குப் பரிந்து பேசுவதாக அவருக்கு நினைப்பு.

"குள்ளமா இருக்குறது வேற, வளராம நிக்குறது வேற. ஒரு வருசமா பிள்ள வளரவே இல்லடா. இது சீக்கு."

மகள் அதற்குள் குதிகாலைத் தூக்கி, கழுத்தை நீட்டி, "இப்ப பாருங்க அத்த, இப்ப பாருங்க" என்று நின்றாள். அவளைப் பார்த்து நான் சிரித்தேன். ஆனால் எனக்கும் பயம் வந்துவிட்டது, அதை மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. வேலைக்குப் போகுமுன் பிள்ளைக்காம்பராவில் இவள் வயதுப் பிள்ளைகளோடு விடும்போது இவள் ஒன்றும் எனக்குக் குள்ளமாகத் தெரியவில்லை. அவள் கவுனின் மடிப்பை அந்த வருடம் நானே இரண்டு தடவை அவிழ்த்து நீட்டியிருந்தேன். இருந்தும், கண் முன்னால் இருந்த கவுனை விட்டுவிட்டு அந்த மரக்கட்டையை நம்பினேன். அந்த வீட்டில் எட்டு வருடம் இருந்தால் யாருக்கும் புத்தி அப்படித்தான் மழுங்கும்.

நாத்தனார் ஒரு தாயத்தை எடுத்து மகளின் இடுப்பில் கட்டினாள். வரக்காப்பொலயில் யாரோ மந்திரித்துக் கொடுத்ததாம். பிறகு விஷயத்துக்கு வந்தாள்.

"பொங்கலுக்கு வருவேன். அதுக்குள்ள பிள்ள வளரலன்னா எங்கூட அனுப்பிருங்க. கடையில முட்ட இருக்கு, பாலு இருக்கு, எறச்சி இருக்கு. ரெண்டு வருசத்துல கமுகு மரம் மாதிரி வளத்துக் காட்டுறேன். அங்கனயே ஸ்கூல்லயும் போட்டு விடுறேன்."

என் கணவரின் கண் கலங்கிவிட்டது. அக்காவின் பாசமாம். எனக்கு அந்தப் பாசத்தின் விலாசம் தெரியும். அவள் வீட்டில் வேலைக்கு நின்ற பெண் இரண்டு மாதத்துக்கு முன்புதான் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போயிருந்தாள். நாத்தனாருக்குக் கடைசியாகப் பிறந்தது கைக்குழந்தை. தொட்டில் ஆட்ட நாலு வயதுப் பிள்ளை போதும், ஆறு வயதில் தட்டுக் கழுவலாம், எட்டு வயதில் தேங்காய் துருவலாம். ஓடிப்போன பெண்ணையும் ஸ்கூலில் போடுகிறேன் என்றுதான் கூட்டிப் போனாள். ஒரு சடங்குக்கு நான் வரக்காப்பொல போயிருந்தபோது அந்தப் பெண் கடைக்குப் பின்னால் உட்கார்ந்து தட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். ஸ்கூல் எங்கே என்று கேட்டேன். ஈரக் கையால் கண்டி ரோட்டுப் பக்கம் காட்டினாள். அவளுக்கும் ஸ்கூலுக்கும் இருந்த சம்பந்தம் அவ்வளவுதான்.

பொங்கலுக்குள் பிள்ளை வளர வேண்டும். வளராவிட்டால் அவளை என்னிடமிருந்து கொண்டு போய்விடுவார்கள். அந்த மழைக்காலம் முழுக்க எனக்கு வேறு நினைப்பே இல்லை.

வைத்தியம் சொல்ல லயத்தில் ஆளுக்கா பஞ்சம்? கொய்யா மரத்துக் கிளையில் தொங்கவிடச் சொன்னாள் பக்கத்து வீட்டுக்காரி. அவள் புருஷன் அவளுடைய தோளுக்குத்தான் வருவார். அவரைத் தொங்கவிட்டுப் பார்த்தாளா என்று கேட்டேன், பிறகு இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. கருவாட்டுத் தலையைச் சூப்பக் கொடு என்றார் பேக்டரியில் வேலை செய்தவர். கோயில் பூசாரி மட்டும் கண்ணை மூடித் திறந்து, "பிள்ள படுத்திருக்கயில யாரோ தாண்டிட்டாங்க. தாண்டுனவங்க திரும்பத் தாண்டல. அதான் வளத்தி நின்னு போச்சு" என்றார்.

படுத்திருக்கும் பிள்ளையைத் தாண்டினால் வளராது, தாண்டியவர் அதே வழியில் திரும்பத் தாண்டினால் தோஷம் போகும். இது எல்லாருக்கும் தெரிந்த கதைதான். ஆனால் ஒரே ஒரு காம்பரா. கதவுக்கும் குசினிக்கும் நடுவில்தான் எல்லாரும் படுக்கிறோம். விடிவதற்கு முன் எழுந்து அடுப்பு மூட்டப் போகிறவள் பிள்ளையைத் தாண்டாமல் பறந்தா போவாள்? இதைப் பூசாரியிடமே கேட்டேன். படித்த பிள்ளைகள் இப்படித்தான் பேசும் என்று என் கணவரைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அவரும் தலையை ஆட்டினார்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் என் கணவர் மகளைப் பாயில் நேராகப் படுக்கவைத்து, வேட்டியை முழங்காலுக்கு மேலே தூக்கிக் கட்டிக்கொண்டு, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் தாண்டுவார். எந்தப் பக்கமிருந்து தாண்டியது என்பது நினைவில்லாததால், எதற்கும் இருக்கட்டும் என்று திரும்பவும் தாண்டுவார். அப்படியானால் கணக்கு மறுபடி தப்புதானே என்று நான் கேட்டபோது நின்று யோசித்தார். மகளுக்கோ அதைப் போல ஒரு விளையாட்டு இல்லை. "இன்னொருக்கா தாண்டுங்க அப்பா, நாய் மாதிரி தாண்டுங்க" என்று கத்துவாள். மலையில் காலையிலிருந்து மரம் மரமாகப் பால் வெட்டி வந்த மனிதர், மூச்சு வாங்க வாங்கப் பிள்ளையைத் தாண்டிக்கொண்டிருந்தார். திட்டுவதா, அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

கடைசியில் நான் சண்டை போட்டு மகளை இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அவரும் வந்தார். வழியில் ஆமிக்காரர்கள் பஸ்ஸை நிறுத்தி, ஆம்பிளைகளை இறக்கி அடையாள அட்டை பார்த்தார்கள். யுத்தம் நடந்த அந்தக் காலத்தில் அது வழக்கம். எங்கே போகிறாய் என்று கேட்டவனிடம் இவர் சிங்களத்தில், பிள்ளை வளரவில்லை என்று சொல்லியிருக்கிறார். அவன் சிரித்து அனுப்பிவிட்டானாம். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபிறகும் இவருக்கு அந்தச் சிரிப்பு ஆறவில்லை.

டொக்டர் மகளைச் சுவரோடு நிறுத்தி அளந்தார். கண்ணைப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "மே லமயாட்ட லெடக் நே," என்றார், பிள்ளைக்கு நோய் ஒன்றுமில்லை என்று. அம்மாவைப் போல இருப்பாள், ஆனால் சரியாகத்தான் வளர்கிறாள், போய்ப் பருப்பும் கீரையும் முட்டையும் கொடுங்கள் என்றார். பயத்தோடு உள்ளே போன நான் மூச்சு வந்தவளாக வெளியே வந்தேன். என் கணவர் ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்றுவிட்டார்.

"மருந்து ஒண்ணும் தரலியே."

"சீக்கு இல்லன்னுதானே சொன்னாரு?"

"மருந்து தராதவரு என்னா டொக்டரு? நம்ம ஆளுங்கன்னு சரியாப் பாக்கல."

சுவரில் அளந்தவரை நம்பவில்லை. மரத்தில் கீறிய அப்பாவை நம்பினார். படித்தவர் சொன்னால் சந்தேகம், பூசாரி சொன்னால் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொள்வது. இந்த மனிதரோடுதான் நான் குடும்பம் நடத்தினேன்.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சோற்றுக்குப் பிறகு அவர் மெதுவாக ஆரம்பித்தார். அக்கா ஒன்றும் அந்நியம் இல்லை, ரெண்டு வருஷம்தானே, நல்லாச் சாப்பிட்டுத் தேறி வரட்டுமே என்று. மகள் இஸ்தோப்பில் ஒரு கோழிக்குஞ்சோடு பேசிக்கொண்டிருந்தாள். எனக்குத் தலைக்கு மேலே ஏறிவிட்டது.

"எல்லாரும் எம்பிள்ளயவே அளக்குறீங்க. நீங்க மட்டும் என்னாத்த வளந்து கிழிச்சிட்டீங்க? போயி நில்லுங்க அந்தக் கட்டையில. பாப்போம்."

"எனக்கென்னா, நான் வளந்து முடிஞ்சவன்," என்று ரோஷமாக எழுந்து போய் வலது பக்க நிலைக்காலில் முதுகை ஒட்டி நின்றார்.

அவருடைய கடைசிக் கோடு, தோட்டத்தில் பெயர் பதிந்து வேலைக்குப் போன வருடத்துத் தீபாவளியில் அவருடைய அப்பா கீறியது. அந்தக் கோடு அவர் தலைக்கு மேலே இருந்தது. நான் கையை வைத்துப் பார்த்தேன். நாலு விரல் மேலே.

அவர் திரும்பிப் பார்த்தார். மறுபடி ஒட்டி நின்றார். குதிகாலை அழுத்தினார், முதுகை நிமிர்த்தினார், தலைமயிரைத் தட்டிவிட்டார். கோடு மேலேயே நின்றது.

"நான் தேஞ்சு போயிட்டேனா?" என்றார். விளையாட்டாக இல்லை, நிஜமாகவே கேட்டார்.

எனக்கு வந்த சிரிப்பில் நான் கீழே உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்ததால்தான் அதைப் பார்த்தேன். நிலைக்காலின் அடியில் பழைய சாணி மெழுக்கு, கறுத்துக் காய்ந்து, ஓடு மாதிரி மரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. இப்போதைய தரை அதற்கு நாலு விரல் கீழே இருந்தது. வாசலில் காலை வைக்கும்போது எல்லாரும் ஒரு படி இறங்குகிற மாதிரி இறங்குவோம். இந்த வீட்டு வழக்கம் என்று நினைத்திருந்தேன்.

விஷயம் அவ்வளவுதான். மாமியார் காலத்திலிருந்து தீபாவளிக்குத் தீபாவளி மேல்மண்ணைச் சுரண்டித் தள்ளுகிறோம். சுரண்டிய அளவுக்குப் புதுமண் போட்டுத் தட்டினால் தரை அப்படியே இருக்கும். ஆனால் விடியக்காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு ஓடுகிறவளுக்கு மண் சுமக்க நேரம் ஏது? சாணியைக் கரைத்து மெழுகிவிட்டு மகாலட்சுமி வந்துவிட்டாள் என்று விளக்கேற்றுவோம். தரை வருடா வருடம் இறங்கிக்கொண்டே இருந்தது, அடைமழை பெய்த இந்த வருடம் இன்னும் கூட. இறங்கிய தரையில் பிள்ளையை நிறுத்தி, இறங்காத காலத்துக் கோட்டோடு அளந்துவிட்டு, பிள்ளைக்குச் சீக்கு என்றார்கள்.

அவருக்கு இதை விளங்கப்படுத்த ஒரு சாயங்காலம் போயிற்று. விளங்கியதும் சந்தோஷத்தில் எழுந்து, தான் தேயவில்லை என்பதற்காக, மகளைத் தூக்கிச் சுற்றினார். மறு வாரமே வரக்காப்பொல போய் அக்காவிடம் சொன்னார். திரும்பி வரும்போது முகம் தொங்கியிருந்தது.

"மண்ணு எப்பிடிடா எறங்கும்னு கேக்குது அக்கா."

"நீங்க என்னா சொன்னீங்க?"

"ஒன்னயும் அவ தேய வச்சிட்டாளான்னு கேட்டுச்சு."

"அதுக்கு நீங்க என்னா சொன்னீங்க?"

அக்காவின் முன்னால் அவர் எப்போதுமே ஒன்றும் சொன்னதில்லை. உயரத்தில் மட்டுமல்ல, எல்லாவற்றிலும் அவள் கோட்டுக்குக் கீழேயே நின்று பழகிவிட்டார். பொங்கலுக்குப் பிள்ளையின் துணியை மூட்டை கட்டி வைக்கச் சொன்னதாக மட்டும் கடைசியில் மென்று விழுங்கினார்.

அப்போதுதான் முடிவு செய்தேன். வாயால் சொல்லி விளங்காதவளுக்குத் தரையால் சொல்ல வேண்டியதுதான்.

இறப்பர் மலையில் கறையான் புற்றுக்கு என்ன குறை? புற்று மண்ணை வெட்டி, சாக்கில் கட்டி, தலையில் வைத்து இறக்கினேன். ஞாயிற்றுக்கிழமைகளிலும், கொழுந்து குறைந்து சீக்கிரம் விட்ட நாட்களிலும். என் கணவர் முதலில் இஸ்தோப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். மகள் தன் சின்னக் கூடையில் மண் சுமக்கத் தொடங்கியதும் வெட்கம் வந்து எழுந்தார். கொட்டி, தண்ணீர் தெளித்து, கட்டையால் தட்டி, காயவிட்டு, மறுபடி கொட்டினோம். பழைய மெழுக்கு ஒட்டியிருந்த இடம் வரை வந்தது. நாலு விரல் போதும். நான் ஐந்து வைத்தேன். அந்த ஒரு விரல் என் ரோஷத்துக்கு. மேலே சாணி மெழுகி, மாக்கோலமும் போட்டேன். பொங்கலுக்கு வீடு மெழுகுவது எல்லாரும் செய்வதுதானே, யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

பொங்கல் அன்று நாத்தனார் வந்தாள். இறங்கிப் பழகிய காலைப் பள்ளத்தில் வைப்பதாக நினைத்து வைத்து, தரை முன்னாலேயே வந்து முட்ட, நிலைக்காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தப்பினாள்.

"என்னா இது, இப்பிடி வழுக்குது? மெழுகத் தெரியாதவ மெழுகுனா இப்பிடித்தான்."

கைப்பைக்குள் மகளுக்கு ஒரு புதுக் கவுன் இருந்தது. போகும்போது போட்டுக்கொண்டு போக. அதைப் பார்த்ததும் நான் முந்திக்கொண்டேன். "எதுக்கும் ஒருக்கா நிறுத்திப் பாத்துருவோம் அண்ணி," என்றேன். மகள் ஓடிப்போய் நின்றாள். குதிகாலைத் தூக்காதே என்று நானே அதட்டினேன்.

மகளின் தலை அத்தையின் நாலாவது கோட்டைத் தாண்டி ஒரு விரல் மேலே நின்றது.

நாத்தனார் கோட்டைத் தடவினாள், பிள்ளையின் தலையைத் தடவினாள். என் கணவர் முற்றத்துப் பொங்கல் பானையையே பார்த்துக்கொண்டு நின்றார். தரையைப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அவள் பாதத்துக்குக் கீழேதான் இருந்தது அது.

பிறகு அவள் முகம் மலர்ந்தது. குனிந்து பிள்ளையின் இடுப்பைத் தொட்டாள்.

"பாத்தியா! தாயத்து! நான் சொன்னேன்ல? ரெண்டே மாசத்துல ஒரேயடியாத் தூக்கி விட்டுருச்சு பாரு!" வாசலுக்கு ஓடி, லயம் முழுக்கக் கேட்கிற மாதிரி கூப்பிட்டாள். "எல்லாரும் வந்து பாருங்க! எந் தம்பி மகள நான் வளத்துட்டேன்!"

பக்கத்து வீட்டுக்காரி வந்தாள், கொய்யா மரம்தான் என்றாள். பூசாரியும் பொங்கல் வாங்க வந்த சாக்கில் எட்டிப் பார்த்து, திரும்பத் தாண்டியது பலித்துவிட்டது என்றார். கருவாட்டுத் தலை சொன்னவரும் விடவில்லை. இவ்வளவு பெரிய முட்டாள் கூட்டத்தை ஒரே இடத்தில் நான் அதற்கு முன்னாலும் பின்னாலும் கண்டதில்லை. எனக்கு வாய் துறுதுறுத்தது. ஆனால் வளர்ந்த பிள்ளையை வளர்க்கக் கூட்டிப்போக முடியாது. அந்தப் பெருமை அவளுக்கு வேண்டுமென்றால் எடுத்துக்கொண்டு போகட்டும். பிள்ளை எனக்குப் போதும். பேசாமல் பொங்கலைக் கிண்டினேன். அந்த மாதமே மகளைத் தோட்டத்து ஸ்கூலில் சேர்த்தேன்.

ஆனால் நாத்தனார் வெறுங்கையோடு போகவில்லை. மேல் லயத்தில் ஒருத்திக்கு ஐந்து பிள்ளைகள். அதில் நடுப்பெண் கொஞ்சம் நோஞ்சான், என் மகளை விட ஒரு வயது மூத்தவள். என் மகளைக் காட்டியே அந்தத் தாயை வளைத்துவிட்டாள். தம்பி மகளையே தூக்கி விட்டவள், இந்த நோஞ்சானை வளர்க்காமல் விடுவாளா என்று அந்தத் தாய் நம்பிவிட்டாள். என் வாசலில் அவள் வாங்கிக்கொண்ட பெருமையைத் தூண்டிலில் குத்திக்கொண்டு மேல் லயத்துக்குப் போயிருக்கிறாள். எனக்குத் தெரியவந்ததும் ஓடிப்போய் அந்தத் தாயிடம் சொன்னேன். ஸ்கூலும் இல்லை, முட்டையும் இல்லை, தட்டுக் கழுவத்தான் என்றேன். தரை இறங்கிய கதையையும் சொன்னேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஒம்பிள்ள வளந்துருச்சு. எம்பிள்ள வளந்தா ஒனக்குப் பொறுக்காதா?"

புதுக் கவுன் அந்தப் பிள்ளைக்குப் போயிற்று. அது அவளுக்குத் தொளதொளவென்று இருந்தது.

நாத்தனார் அந்தப் பிள்ளையை ஒரு பண்டிகைக்குக் கூடத் தோட்டத்துக்குக் கூட்டி வரவில்லை. நாலு வருடம் கழித்து நாத்தனாருடைய மூத்த மகளின் சடங்குக்கு வரக்காப்பொல போனோம். என் மகளும் வந்தாள். அவள் நல்ல உயரமில்லை, வளராமல் நின்றவளும் இல்லை. டொக்டர் சொன்னபடி என்னைப் போலவே இருந்தாள். நாத்தனார் எங்களை வீடு முழுக்கச் சுற்றிக் காட்டினாள். குசினி ஜன்னலில் தெரிந்த ஒரு தலையையும் தோளையும் காட்டி, "பாரு, மேல் லயத்துப் பிள்ள. வரும்போது எப்பிடிக் கெடந்தா! எங்க சாப்பாட்டுல எப்பிடி வளந்துட்டா பாரு" என்றாள்.

நான் பின்பக்கமாகச் சுற்றிப் போனேன். அந்தப் பிள்ளை சோடாப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் நின்றுகொண்டு பிரியாணிச் சட்டி தேய்த்துக்கொண்டிருந்தாள். கை முழங்கை வரை கரி. என் மகள் அவளை அடையாளம் கண்டு, "வா, யாரு ஒசரம்னு பாப்போம்" என்று கையைப் பிடித்து இழுத்தாள். பிள்ளைகளுக்கு அதுதானே விளையாட்டு. அவள் பெட்டியிலிருந்து இறங்கினாள். இரண்டு பேரும் முதுகோடு முதுகு ஒட்டி நின்றார்கள். அவள் தலை என் மகளின் தோள் மட்டத்தில் நின்றது. முன்பக்கமிருந்து நாத்தனாரின் சத்தம் கேட்டதும் அந்தப் பிள்ளை மறுபடி பெட்டியில் ஏறிக்கொண்டாள்.

அன்று நான் சடங்குச் சோறு சாப்பிடவில்லை. தோட்டத்துக்கு வந்து இறங்கியதும் வீட்டுக்குப் போகாமல் நேரே மேல் லயத்துக்கு ஏறினேன். அந்தத் தாய் விறகு பிளந்துகொண்டிருந்தாள். நான் எங்கிருந்து வருகிறேன் என்பது அவளுக்குத் தெரியும். கத்தியைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"பாத்தியா எம் பிள்ளைய? வளந்திருக்காளா?"

எவ்வளவோ திட்ட வேண்டும் என்று வழி முழுக்கச் சேர்த்துக்கொண்டு வந்திருந்தேன். அதை விட்டுவிட்டு, தரையிலிருந்து கையை உயர்த்தி, அந்தப் பிள்ளையின் தலை இருந்த இடத்தில் நிறுத்திக் காட்டினேன்.

அவள் என் கையையே பார்த்தாள். பக்கத்தில் வந்து, தன் கையை என் கைக்குக் கீழே கொண்டுவந்து வைத்தாள். இரண்டு கைக்கும் நடுவில் இடமே இல்லை.

"போகயிலயே இவ்வளவுதானே இருந்தா," என்றாள்.

மறுநாள் காலை அவள் பெரட்டுக்கு வரவில்லை. முதல் பஸ்ஸில் வரக்காப்பொல போய்விட்டாள் என்று சொன்னார்கள்.